நொறுங்கிய குண்டு எங்கே போகிறது?

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் எந்திரத் துப்பாக்கி பிடிக்கப் போகும் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுப்பது பெரும்பாடாக இருந்தது. ஒரு விமானம் நீளக் கயிற்றில் துணிக்குழாய் ஒன்றை இழுத்துக்கொண்டு பறக்கும். பையன்கள் அதைப் பார்த்துச் சுடுவார்கள். நிஜப் போரில் எந்த எதிரி விமானமும் அப்படிச் சாதுவாகப் பக்கத்தில் வந்துகொண்டிருக்காது. 1942-இல் கேமரன் ஃபேர்சைல்ட் என்ற மேஜர் ஒரு யோசனையோடு வந்தார். நிஜமான விமானத்தையே, உள்ளே விமானி உட்கார்ந்திருக்கும்போதே, சுடவிடலாம். பட்ட கணத்தில் பொடியாகிவிடும் குண்டு மட்டும் கிடைத்தால் போதும் என்றார்.

அந்தக் குண்டைச் செய்யும் வேலையில் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இறங்கினார்கள். ஈயப் பொடியையும் பேக்லைட்டையும் கலந்து அச்சில் அழுத்தினார்கள். பேக்லைட் நமக்குப் பழகிய பொருள்தான். பழைய வீட்டுச் சுவரில் கறுப்பாக, உருண்டையாக இருக்குமே, அந்த சுவிட்ச். விரலை விட்டுச் சுழற்றும் கறுப்புத் தொலைபேசி. கீழே போட்டால் அது நசுங்காது, வளையாது, சில்லு சில்லாகத் தெறிக்கும். அந்தக் குணம்தான் தேவைப்பட்டது. ஆர்பி-63 என்ற விமானத்துக்குத் தடித்த உலோகத் தகட்டால் மேல்சட்டை போட்டார்கள். குண்டு பட்டால் அதன் மூக்கிலிருந்த விளக்கு எரியும். கடைகளில் இருந்த விளையாட்டு எந்திரத்தைப் போல அது மின்னியதால் ‘பின்பால்’ என்று அந்த விமானத்துக்குச் செல்லப்பெயர் வந்தது.

அப்போது எல்லோருடைய கவனமும் விமானியின் உயிர்மேல் இருந்தது. நொறுங்கிய ஈயப் பொடி காற்றோடு போய்விட்டது, நிலத்தில் விழுந்தது, அவ்வளவுதான். இந்த அத்தியாயம் அந்தப் பொடியைப் பற்றியது. குண்டு நொறுங்கிவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று நம் மனசு எளிதாக முடிவுகட்டிவிடுகிறது. குண்டாக இருந்தபோது எத்தனை கிராம் உலோகமோ, பொடியான பிறகும் அத்தனை கிராம்தான். அது எங்கேயாவது போய்த்தான் ஆகவேண்டும்: துப்பாக்கியின் வயிற்றுக்குள், தரைக்கு, மண்ணுக்கு, சுடுகிறவரின் நுரையீரலுக்கு.

இன்றைய காவல்துறைகளும் ராணுவங்களும் நொறுங்கும் குண்டைத் தேடிப் போனதற்கு முதல் காரணம் தெறிப்பு. வழக்கமான குண்டு, செம்பு உறைக்குள் ஈயம் வைத்தது. அது எஃகுப் பலகையில் மோதினால் ஈயமும் கிழிந்த உறையும் நாலாபுறமும் சிதறும். சில துண்டுகள் சுட்டவரை நோக்கியே திரும்பி வரும். அறைக்கு அறை நுழைந்து சுடப் பழகும் பயிற்சி வீடுகளிலும், கப்பலின் இரும்புச் சுவர்களுக்கு நடுவிலும் இது பெரிய ஆபத்து. நொறுங்கும் குண்டு கடினமான பரப்பில் மோதியதும் பொடியாகிவிடுவதால் சில மீட்டர் தொலைவிலிருந்தே எஃகு இலக்கைச் சுட முடிகிறது. கண்ணாடி அணிவதை அதற்காக விட்டுவிட முடியாது, பொடி முகத்துக்கு வரத்தான் செய்யும். ஆனால் கண்ணைக் குத்திக் கிழிக்கும் உறைத்துண்டுகள் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. பலகையில் ஏற்கெனவே குழி விழுந்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் தவறிவிடும். குழியின் விளிம்பு பொடியைக் கூட்டித் திருப்பி அனுப்பும்.

இந்தக் குண்டின் உள்ளே இருக்கும் வேதியியல் எனக்கு மிகவும் பிடித்தது. பெரும்பாலானவை செம்புப் பொடியும் வெள்ளீயப் பொடியும் கலந்து, அழுத்தி, மிதமான சூட்டில் வாட்டி எடுத்தவை. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகும். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். அதனால் சூடு ஏறும்போது வெள்ளீயம் மட்டும் இளகிச் செம்புத் துகள்களுக்கு நடுவே கசிந்து, செம்போடு சேர்ந்து, துகளுக்குத் துகள் ஒரு மெல்லிய பாலம் கட்டுகிறது. அந்தப் பாலம் வெண்கல இனத்தைச் சேர்ந்த கூட்டுப்பொருள். கெட்டி, ஆனால் நொய்மை. செம்புக் குடம் கை தவறி விழுந்தால் ஒடுங்கும், தட்டி எடுத்துவிடலாம். வெள்ளீயம் கூடுதலாகச் சேர்த்த வெண்கல மணி விழுந்தால் விரிசல் விடும், அப்புறம் அதற்கு நாதம் இல்லை. நொறுங்கும் குண்டு இந்த இரண்டு குணங்களையும் ஒரே உடம்பில் வைத்திருக்கிறது. துகள்கள் செம்பு, அவற்றைப் பிடித்திருக்கும் சாந்து மணியின் உலோகம். குழலுக்குள் நடக்கும் அழுத்தத்தைத் தாங்க வேண்டும், எஃகில் பட்டதும் சாந்து எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் விட்டுப்போக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறுகலானது. கருவியில் வரும் தொல்லைகளில் பாதி அந்தக் குறுகலிலிருந்து பிறக்கிறது.

குண்டும் வெடிமருந்தும் சேர்ந்த ஒரு முழுத் தோட்டா மேகசினிலிருந்து, குழலின் பின்முனையில் உள்ள சேம்பருக்குள் போகும் வழியைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். போல்ட் பின்னாலிருந்து தள்ளுகிறது. குண்டின் மூக்கு ஒரு சிறு உலோகச் சரிவில் இடித்து, மேலே திரும்பி, உள்ளே நுழைகிறது. செம்பு உறை போட்ட குண்டு இந்த இடியைச் சட்டை செய்யாது. அழுத்திய பொடியாலான குண்டின் மூக்கில் ஒரு சில்லு பெயரலாம். ஒருமுறை ஏற்றிச் சுட்டுவிட்டால் பரவாயில்லை. காவலர்கள் பலர் காலையில் தோட்டாவை ஏற்றுகிறார்கள், மாலையில் இறக்குகிறார்கள், மறுநாள் அதே தோட்டாவை மீண்டும் ஏற்றுகிறார்கள். சாதாரணத் தோட்டாவில் இப்படிச் செய்தால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக, வெடிமருந்து இருக்கும் பித்தளை உறைக்குள் பின்வாங்கும். உள்ளே இடம் குறைந்து அழுத்தம் எகிறும். நொறுங்கும் ரகத்தில் அதற்கும் மேலே ஒரு ஆபத்து உண்டு. பித்தளை உறையின் வாய் குண்டைக் கவ்வியிருக்கும் இடத்தில் வளையமாக விரிசல் விழுந்து, இறக்கும்போது முன்பாதி குழலிலேயே தங்கிவிடக்கூடும். உறை மட்டும் கையோடு வரும். வெடிமருந்து மணிகள் எந்திரத்துக்குள் கொட்டும். இதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுட்டால் குழல் உப்பும், பிளக்கவும் செய்யும். அதனால்தான் நல்ல பயிற்றுநர் ஒருமுறை ஏற்றி இறக்கிய நொறுங்கும் தோட்டாவைத் திரும்ப ஏற்றவிடுவதில்லை. கையில் எடுத்து, மூக்கையும் கழுத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, தனி டப்பாவில் போடச் சொல்கிறார்.

செம்புப் பொடி குழலின் உட்புறத்தை உப்புத்தாளைப் போலத் தேய்த்துவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. பெரிதும் தேவையில்லாத பயம். செம்பும் வெண்கலமும் குழலின் எஃகைவிட மென்மையானவை. குழலைத் தின்பது சூடு. வெடிமருந்து எரியும் வாயு சேம்பருக்கு அடுத்த சில சென்டிமீட்டரில் எஃகின் தோலைச் சுட்டு, கடினமாக்கி, நுண்விரிசல்களைக் கிளப்பி, செதில் செதிலாக எடுத்துக்கொண்டு போகிறது. வேகமாகச் சுடச்சுட இது கூடும், எந்தக் குண்டானாலும். உறையில்லாத செம்புக் குண்டு செய்வது வேறு: அது குழலுக்குள் தன்னையே பூசிவிட்டுப் போகிறது. துப்பாக்கி துடைக்கும்போது இதைக் கண்ணால் பார்க்கலாம். அம்மோனியா கலந்த திரவத்தில் நனைத்த வெள்ளைத் துணித்துண்டைக் கம்பியில் கோத்துக் குழலுக்குள் விட்டு இழுத்தால், முதல் இரண்டு மூன்று துண்டுகள் கரிக் கறுப்பாக வரும். பிறகு சற்று நேரம் ஊறவிட்டு இழுத்த துண்டு நீலமாக வரும், மயில்துத்தம் கரைத்த தண்ணீரின் நீலம். குண்டிலிருந்த செம்புதான் அது, குழலிலே தங்கி, அம்மோனியாவில் கரைந்து வந்திருக்கிறது. துணி நிறமில்லாமல் வரும்வரை இழுக்க வேண்டும். அந்த நீலத் துணியை வெறும் கையால் பிடித்துவிட்டு டீ குடிக்கப் போகக்கூடாது.

எடைக் கணக்கும் உண்டு. ஈயத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல 11 மடங்குக்கும் மேல். செம்பு 9 மடங்கை எட்டாது. அழுத்திய பொடி அதைவிடக் குறைவு. எனவே 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியின் வழக்கமான குண்டு ஏழரை, எட்டு கிராம் இருக்கும்போது நொறுங்கும் குண்டு ஆறு, ஆறரை கிராமில் நின்றுவிடுகிறது. தானியங்கித் துப்பாக்கியின் ஸ்பிரிங்குகள் கனமான குண்டின் உதைப்புக்குக் கணக்குப் போட்டவை. உதைப்பு போதாவிட்டால் எந்திரம் பாதி வழியில் நிற்கும். மருந்தைக் கூட்டினால் பாகங்கள் வீணாக அடிவாங்கும். சைலன்சர் போட்ட துப்பாக்கியில் கவலை இன்னொன்று. குழலை விட்டு வெளியேறும்போது குண்டு சற்றே தள்ளாடினாலோ முன்கூட்டியே உடைந்தாலோ உள்ளேயுள்ள தடுப்புத் தகடுகளில் அடிக்கும். சைலன்சர் வாயுவைப் பின்னோக்கித் திருப்பவும் செய்கிறது. அந்த வாயு போல்டையும் கரியாக்கும், சுடுகிறவரின் முகத்திலும் அடிக்கும்.

முகம் என்றதும் கருவியை விட்டு மனிதனிடம் வந்துவிட்டோம். இரண்டும் உண்மையில் ஒரே தூசின் கதை.

ஈயத்தை ஏன் விட நினைத்தார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஒரு தோட்டாவில் ஈயம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று குண்டு. இன்னொன்று பிரைமர், அதாவது ஊசி அடித்ததும் தீப்பொறி தரும் அந்தச் சிறு குமிழ். அதிலே ஈய ஸ்டிஃப்னேட் என்ற சேர்மம் பல காலமாக இருந்துவருகிறது, பேரியம், ஆன்டிமனி சேர்மங்களோடு. ஈயம் 327 டிகிரியிலேயே உருகும். மருந்து எரியும் சூட்டில் குண்டின் அடிப்பகுதியிலிருந்து ஆவியாகப் போகும். இந்தப் புகை மூக்கு வழியாகவும், கை வழியாக வாய்க்கும் போகிறது. உடம்புக்கு ஈயத்தைக் கால்சியத்திலிருந்து பிரித்தறியத் தெரியாது. எலும்பில் கொண்டுபோய்ச் சேமித்துவிடும். ரத்தத்தில் பாதி குறைய ஒரு மாதம் போலாகும். எலும்பிலிருந்து குறைய பல பத்தாண்டுகள். அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதி 1978-இல் எழுதப்பட்டபோது, ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராம் ஈயம் வந்தால் ஊழியரை அந்த வேலையிலிருந்து கட்டாயம் நகர்த்தச் சொன்னது. 2012-இல் அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் ராணுவச் சுடுதள ஊழியர்களைப் பற்றி ஆராய்ந்து, 40-க்குக் கீழேயே நரம்புக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கேடு தெரிகிறது, பழைய விதி அவர்களைக் காக்கப் போதாது என்று சொன்னது. குழந்தைகளுக்கு அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் வைத்திருக்கும் எச்சரிக்கைக் கோடு 3.5. அப்பாவின் சட்டையிலும் ஷூவிலும் வீட்டுக்குப் போகும் தூசை அந்த எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே ஈயத்தை விட்டது சரியான முடிவு. இதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. இடறல் அடுத்த படியில் வந்தது. பெட்டியின் மேல் ‘ஈயமற்றது’ என்று அச்சடித்ததும், படித்தவர்கள் அதைத் ‘தீங்கற்றது’ என்று வாசித்துவிட்டார்கள்.

நார்வே ராணுவம் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டது. எச்கே416 துப்பாக்கியும் ஈயமற்ற தோட்டாவும் புழக்கத்துக்கு வந்த பிறகு, சுட்டுப் பயின்ற வீரர்கள் சிலர் இரவில் நடுங்கினார்கள். காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, இருமல். அந்தத் தோட்டா நொறுங்கும் ரகமில்லை, ஆனாலும் காற்றில் அது விட்ட உலோகங்களில் நம் கதையில் வரும் செம்பு உண்டு, கூடவே துத்தநாகமும். ஆய்வாளர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆரோக்கியமான தன்னார்வலர்களைக் கூட்டி, ஈயத் தோட்டா, ஈயமற்ற தோட்டா, திருத்திய ஈயமற்ற தோட்டா என்று பிரித்துச் சுடவைத்து, மூச்சையும் ரத்தத்தையும் அளந்தார்கள். 2014-இலும் 2017-இலும் முடிவுகள் வெளிவந்தன. சுட்ட சற்று நேரத்திலும் ஒருநாள் கழித்தும் நுரையீரலின் ஊதும் திறன் குறைந்திருந்தது. உடம்பு அழற்சியோடு போராடும் அடையாளங்கள் ரத்தத்தில் தெரிந்தன.

அந்த நோய் பழைய நோய். பித்தளை வார்ப்பவர்களும் துத்தநாகம் பூசிய இரும்பை வெல்டிங் செய்பவர்களும் தலைமுறை தலைமுறையாக அறிந்தது. மருத்துவத்தில் உலோகப் புகைக் காய்ச்சல் என்பார்கள். துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும், அதன் ஆவி காற்றில் பட்டு நுண்ணிய ஆக்சைடு புகையாகும். மூச்சுவழி போன நாலைந்து மணி நேரத்துக்குப் பிறகுதான் நாக்கில் உலோகச் சுவையும் குளிரும் தொடங்கும். ஓரிரு நாளில் தானாகத் தணியும். வினோதம் என்னவென்றால், தினமும் புகை பட்டால் உடம்பு அதைப் பொறுக்கப் பழகுகிறது, வார இறுதி விடுமுறையில் அந்தப் பொறுமையை இழக்கிறது. அதனால் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றும் பெயர் உண்டு. இதில் ஒரு பொல்லாத பக்கம் இருக்கிறது. பகலில் சுட்டவனுக்கு இரவில் காய்ச்சல் வருகிறது. அவன் மழையில் நனைந்ததையோ சாப்பாட்டையோ குறைசொல்கிறான். மறுநாள் தணிந்துவிடுவதால் மருத்துவரிடமும் போவதில்லை. ஈயம் சத்தமில்லாமல் எலும்பில் ஏறும். செம்பும் துத்தநாகமும் சத்தம் போட்டுவிட்டுப் போய்விடும். இரண்டாவது குறைந்த தீங்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாதத்தில் பத்து நாள் சுடும் பயிற்றுநரின் நுரையீரலில் அது ஆண்டுக்கணக்கில் என்ன செய்யும் என்ற கேள்வியை அதைச் சொல்லி மூடிவிடக் கூடாது.

ஈயத்தின் இடத்தில் வேறொன்றை உட்காரவைக்கும் அவசரம் எங்கே கொண்டுவிடும் என்பதற்கு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் தீபகற்பத்தில் உள்ள கேம்ப் எட்வர்ட்ஸ் முகாம் சாட்சி. மணற்பாங்கான நிலம், அடியில் சுற்றுவட்டார ஊர்கள் குடிக்கும் நீர். 1997-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அங்கே ஈயக் குண்டுகளைச் சுடக்கூடாது என்று தடுத்தது. ராணுவம் டங்ஸ்டனும் நைலானும் கலந்த பசுமைக் குண்டைக் கொண்டுவந்தது. டங்ஸ்டன் ஈயத்தைவிடக் கனம், எனவே எடைக் குறையும் தீர்ந்தது. அது நீரில் கரையாது, மண்ணில் கிடந்த இடத்திலேயே கிடக்கும் என்று நம்பினார்கள். திடமாக, கட்டியாக இருக்கும்வரை அந்த நம்பிக்கைக்கு ஓரளவு நியாயம் உண்டு. பொடியாகி ஈர மண்ணில் கிடந்தபோது அது ஆக்சிஜனோடு சேர்ந்து டங்ஸ்டேட்டாக மாறி மழைநீரோடு கீழே இறங்கியது. நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் கிணறுகளில் டங்ஸ்டன் தெரிந்தது. 2006-இல் அந்தக் குண்டையும் நிறுத்தினார்கள். டங்ஸ்டன், நிக்கல், கோபால்ட் கலந்த வேறொரு ராணுவக் கலப்புலோகத்தை எலிகளின் தசையில் பதித்துப் பார்த்ததில் தீவிரப் புற்றுக்கட்டிகள் வளர்ந்ததை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியிருந்தது. பயிற்சிக் குண்டு அதே கலவை இல்லை, இரண்டையும் குழப்பக்கூடாது. ஆனாலும் சாதுவான உலோகம் என்ற பெயரை டங்ஸ்டன் அன்றோடு இழந்தது.

செம்புக்கும் இந்தப் பாடம் பொருந்தும். மயில்துத்தத்தைக் குளத்துப் பாசியைக் கொல்லவும் திராட்சைக் கொடியின் பூஞ்சையை விரட்டவும் தெளிக்கிறோம். பாசியைக் கொல்லும் செம்பு, நத்தையையும் மீன்குஞ்சையும் விட்டுவைக்காது. கட்டியான செம்பைவிடப் பொடிக்குப் பரப்பு பல மடங்கு அதிகம், அரிப்பும் அதற்கேற்ற வேகத்தில் நடக்கும். ஓடைக்கரையில் திறந்தவெளிச் சுடுதளம் வைத்திருப்பவர்கள் நொறுங்கும் குண்டுக்கு மாறும்போது ஓடையின் செம்பு அளவையும் அளக்கத் தொடங்க வேண்டும்.

மூடிய சுடுதளத்தில் எல்லாம் காற்றின் கையில் இருக்கிறது. சுடுகிறவரின் முதுகுப் பக்கமிருந்து வரும் காற்று சீராக, சுழலில்லாமல், அவரைத் தாண்டி இலக்கை நோக்கிப் போக வேண்டும். அமெரிக்கத் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனம் சொல்லும் வேகம் நொடிக்கு 0.38 மீட்டர், குறைந்தது 0.25. இது கன்னத்தில் படுவதுகூடத் தெரியாத இளங்காற்று. இதைவிட வேகமாக வீசினால் நல்லதுதானே என்று பெரிய மின்விசிறி வைத்தவர்கள், சுடுகிறவரின் உடம்பைச் சுற்றிச் சுழல் கிளப்பிப் புகையை அவர் மூக்குக்கே திருப்பிவிட்டார்கள். உள்ளே வரும் காற்றைவிட வெளியே இழுக்கும் காற்று சற்று அதிகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூசு பக்கத்து அறைக்கும் வரவேற்பறை சோபாவுக்கும் போகும். செம்புத் தூசுக்கு அமெரிக்க விதி கனமீட்டருக்கு 1 மில்லிகிராம்வரை இடம் கொடுக்கிறது. செம்புப் புகைக்கு அதில் பத்திலொன்றுதான். எஃகில் நொறுங்கியது தூசு. குழலின் சூட்டில் ஆவியாகி உறைந்தது புகை. ஒரே சுடுதளத்தில் இரண்டும் மிதக்கின்றன.

கடைசியில் ஒருவர் விளக்குமாற்றோடு வருகிறார். சுடுகிறவர்கள் போன பிறகு, இலக்குப் பலகையின் அடியிலும் குண்டு விழும் பள்ளத்திலும் குவிந்திருக்கும் சாம்பல்நிறப் பொடியைக் கூட்டுவது அவர் வேலை. ஈயமற்றது என்று சொல்லிவிட்டதால் அவருக்கு முகமூடிகூடக் கொடுக்காத இடங்கள் இருக்கின்றன. உலர்ந்த தரையைப் பெருக்கினால், பகலெல்லாம் படிந்தது பத்து நிமிடத்தில் எழும்பி அவர் மூச்சுக்குப் போகும். அந்தப் பொடியில் உலோகம் மட்டுமா இருக்கிறது? எரியாமல் விழுந்த வெடிமருந்து மணிகளும் கலந்து கிடக்கின்றன. சாதாரண வேக்குவம் கிளீனரின் மோட்டார்ப் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். ஈரத்துணியால் துடைக்க வேண்டும், அல்லது 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் வடிகட்டியும் பொறி பறக்காத மோட்டாரும் உள்ள எந்திரம் வேண்டும். பலமுறை பழைய ஈயத் தோட்டாவும் புதிய செம்புத் தோட்டாவும் ஒரே சுடுதளத்தில்தான் சுடப்படுகின்றன. குண்டு ஈயமற்றதாக இருந்தாலும் பிரைமர் ஈயமுள்ளதாக இருக்கும் தோட்டாக்களும் விற்பனையில் உண்டு. ஆகவே அவர் கூட்டுவதில் ஈயமும் இருக்கிறது. வேலை முடிந்ததும் சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்; வேலைச் சட்டையும் ஷூவும் அங்கேயே இருந்துவிட வேண்டும், அவருடைய வீட்டுத் துணியோடு கலக்கக்கூடாது.

சுடுதளப் பதிவேட்டில் யார் வந்தார், எந்தத் துப்பாக்கி, எத்தனை சுற்று என்று எழுதுகிறார்கள். எத்தனை ஆயிரம் சுற்றுக்கு ஒருமுறை ஸ்பிரிங் மாற்றினார்கள், குழலை எப்போது அளந்தார்கள் என்பதும் இருக்கும். அதே பக்கத்தில் இன்னும் சில கட்டங்கள் போட இடமிருக்கிறது: இன்று பள்ளத்தைச் சுத்தம் செய்தவர் யார், எத்தனை மணி நேரம், எந்த முகமூடி, கடைசியாக அவருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தது எந்தத் தேதி.